விசில்

முதலிலை விசிலை விட்டன்.
கையைத் தட்டி ஓட்டத்தைத் தொடக்கினன்.
"மிஸ்ஸின்ர விசில் துலைஞ்சு போச்சோ?"
எட்டாம் வகுப்பு நிரோசிகா கேட்டாள்.
லாச்சிக்குள்ளைதான் கிடந்தது, சிவப்பு நூலோடை.
ஊதினால் அடிவயிறு இறுகும்.
இறுகினால்
ஒரு கரண்டி.
ஒரு கரண்டிதான்.
அதை ஏந்த ஒரு துவாய்த்துண்டு,
அதை மறைக்கக் கறுப்பு ட்ராக் சூட்,
கண்டாவளை வெயிலிலை, வைகாசியிலை.

பிறகு உயரம் பாய்ஞ்சு காட்டுறதை விட்டன்.
சிரிப்பைப் பாதியிலை நிப்பாட்டப் பழகினன்.
தும்மல் வந்தால் கதவு நிலை.
"தலைச்சுத்தோ ரீச்சர்?"
"ஓம், பிறசர்."
பரந்தன் சந்திக்குப் போற றோட்டிலை பதினேழு பள்ளம்.
பஸ் றைவருக்குத் தெரியாது
தான் என்னை எத்தினை தரம் நனைச்சவர் எண்டு.

கிளிநொச்சி ஆஸ்பத்திரியிலை
டொக்டர் இந்திகவுக்கு மூண்டு வருசத் தமிழ்.
"இருமுங்க" எண்டார்.
இருமினன்.
அதோடை ஒளிக்க ஒண்டும் இல்லாமல் போச்சு.

மருந்துத் துண்டின்ர பின்பக்கம் ஒரு பை கீறினார்.
பைக்குக் கீழை குழாய்.
குழாய்க்குக் கீழை வளைஞ்சு ஒரு கோடு.
"இது தூக்கி வைக்கும்... தொட்டில்?"
இல்லையெண்டு தானே தலையாட்டினார்.
கையுறை கழட்டிக்கொண்டு நிண்ட மிஸி
"ஏணை" எண்டா.
அந்தச் சொல்லை அவர் சிங்கள எழுத்திலை எழுதி வைச்சார்.

ஏணை எனக்குத் தெரியும்.
மூத்தவனுக்கு விசுவமடுவிலை, பாலைக் கொப்பிலை.
ரண்டாவதுக்குத் தறப்பாள் கம்பிலை.
மூண்டாவதுக்குக் கட்ட மரம் இல்லை, மடிதான்.
"பழுதாகேல்லை, களைச்சுப் போச்சு"
எண்டா மிஸி, என்ர வயித்தைப் பாத்து.

ரண்டு வழி எண்டார்.
ஒண்டு வலை. விரலகல நாடா, பிளாஸ்ரிக் நூல்.
சின்ன வெட்டு, அடுத்த நாள் வீடு.
மற்றது, உங்கட வயித்துச் சுவரிலையே
ஒரு பட்டி உரிச்சு அதாலை கட்டுறது.
நோ கூட. நாள் கூட.

வலை எனக்குப் பிடிச்ச சொல்.
இருபது வருசம் வலைப்பந்து பழக்கினவள்.
எண்டாலும் இடது தொடைக்குள்ளை
பயறளவிலை ஒரு இரும்பு கிடக்கு.
கேளாமல் வந்தது.
எடுத்தால் நரம்பு போகும் எண்டு விட்டது.
மழைக்கு முதல் நாள் எனக்குச் சொல்லும்.
"பிறத்தி ஆள் ஒருத்தன் காணும், டொக்டர்.
என்ர துண்டாலையே கட்டுங்கோ."
மிஸி அதைச் சிங்களத்திலை சொல்லேல்லை.
அவர் பேனையை மூடினார்.

நாலாம் நாள் குழாயைக் கழட்டினவை.
பத்து வருசம் கேளாமல் வந்தது
இப்ப கெஞ்சினாலும் வரேல்லை.
பைப்பைத் திறந்து சத்தம் கேக்க விட்டினம்.
பக்கத்துக் கட்டில் முழங்காவில்காரி
கதவுக்கு வெளியிலை நிண்டு
"வருதோ? வருதோ?" எண்டா,
பஸ்ஸுக்குக் கேக்கிற மாதிரி.
விடியப்புறம் வந்தது. மெல்லிசாய்.
நான் விட்டதாலை வந்தது.

மூண்டு மாதம் வாளி தூக்கக் கூடாது.
இவர்தான் தண்ணி அள்ளினார்.
வேலிக்கு மேலாலை கேட்டவைக்கு
"ஹேர்ணியா" எண்டு சொல்லியிருக்கிறார்.
"ஏனப்பா?"
"வேறை என்ன சொல்ல?"
எனக்கும் தெரியேல்லை.

பைக்குள்ளை துவாய்த்துண்டு இன்னும் கிடக்கு.
உடம்பு நம்பீட்டுது, நான்தான் நம்பேல்லை.

போன கிழமை ஸ்ராஃப் றூமிலை
கணக்குப் படிப்பிக்கிற கொறற்றி தும்ம வெளிக்கிட்டா.
தும்ம முதல் மேசை விளிம்பைப் பிடிச்சா.
முழங்காலோடை முழங்கால் ஒட்டிச்சு.
நான் ஒண்டும் கேக்கேல்லை.
லாச்சியைத் திறந்து, சிவப்பு நூலைப் பிடிச்சு இழுத்து
அந்த அறைக்குள்ளையே
மூச்சு முடியுமட்டும் ஊதினன்.
அதிபர் எட்டிப் பாத்தார்.
ஆரோ தேத்தண்ணியை ஊத்திப்போட்டினம்.
கொறற்றி என்ர முகத்தைப் பாத்தா,
பிறகு என்ர ட்ராக் சூட்டைப் பாத்தா.
சாம்பல் நிறம். காய்ஞ்சு கிடந்தது.
கொப்பிகளை அடுக்கிற சாட்டிலை கிட்ட வந்து
"கிளினிக் என்ன கிழமை?" எண்டா.